அத்தியாயம் 8: பாதி வழியில் நிற்கும் கதையை எப்படி நடத்திச் செல்வது?

பத்துப் பன்னிரண்டு அமர்வுகள் ஓடிவிட்டன. முதல் பெரிய எதிரி வீழ்ந்துவிட்டான். அல்லது உங்கள் குழுவே தோற்று, உயிர் பிழைத்துக் காட்டுக்குள் ஒதுங்கியிருக்கிறது. பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டே ஒருவர் கேட்கிறார்: “சரி, அடுத்து என்ன?”

நன்றாக ஓடிய கதையாட்டங்கள் பல நின்றுபோவது இந்தக் கேள்வியில்தான். டி.எம். என்று நாம் அழைக்கும் கதை நடத்துநர் ஒரு மாதம் உட்கார்ந்து, அடுத்த ஆறு மாதக் கதையைக் காட்சி காட்சியாக எழுதி வைக்கிறார். இரண்டாம் அமர்விலேயே ஆட்டக்காரர்கள் வேறு பாதையில் போய்விடுகிறார்கள். எழுதியதை விட மனமில்லாமல் அவர் அவர்களை இழுத்துப் பிடிக்கிறார்; மேசையில் கலகலப்பு போய்விடுகிறது. இன்னொரு நடத்துநர் எதையும் யோசிக்காமல் வந்து அன்றைக்குத் தோன்றியதைச் சொல்லிச் சமாளிக்கிறார். நான்கு வாரத்தில் கதைக்குக் கனம் இல்லாமல் போகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே உறுதியான ஒரு வழி உண்டு. நிகழப்போவதை எழுதி வைக்காதீர்கள். யார் எதை விரும்புகிறார்கள் என்பதை எழுதி வையுங்கள். கரிசல் காட்டு மானாவாரி விவசாயி மழை எந்த நாளில் வரும் என்று திட்டமிடுவதில்லை. கோடையிலேயே உழுது போடுகிறார், விதையைத் தயாராக வைத்திருக்கிறார். மழை உங்கள் ஆட்டக்காரர்கள். நிலம் உங்கள் பொறுப்பு.

மாதிரிக்கு ஒரு பாளையம்

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே மாதிரிக் கதையை வைத்து விளக்குகிறேன். களம் ஏழாயிரம்பண்ணை. இன்று விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் சூழ்ந்த ஊர். அன்று ஒரு பாளையம். 1799-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் பக்கம் நின்ற பாளையங்களில் இதுவும் ஒன்று. நாகலாபுரம், குளத்தூர், காடல்குடி, கோலார்பட்டி ஆகியவையும் அதே அணியில் இருந்தன. எட்டயபுரம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நின்றது.

அந்த ஆண்டு செப்டம்பரில் கம்பெனியின் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவரோடு சேர்ந்த பாளையங்களைக் கம்பெனி பறிமுதல் செய்தது. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு வந்தது.

நம் மாதிரிக் குழு நின்றுகொண்டிருப்பது இந்த இடத்தில். நான்கு பாத்திரங்கள்: பாளையத்துக் காவல்காரன், வில்லுப்பாட்டுக்காரி, நாட்டு வைத்தியர், எட்டயபுரத்திலிருந்து ஓடிவந்த கணக்குப்பிள்ளை. இவர்கள் கற்பனை. கதையின் மாயமும் கற்பனைதான். ஆனால் அதற்கு மண்ணில் ஒரு பிடி இருக்கிறது. வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. நம் கதையில் அந்த மேட்டுக்கடியில் ஒரு பழைய நகரம் உறங்குகிறது. அதன் காவல் தெய்வம் விழித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது.

கோட்டை போயிற்று, தலைவர் போனார், ஆயுதம் போயிற்று. இனி இந்தக் கதை எங்கே போகும்?

முதல் படி: கையிருப்பைக் கணக்கெடுங்கள்

புதிதாக எதையும் படைப்பதற்கு முன், இருப்பதை எண்ணுங்கள். இதுவரை எழுதிய குறிப்புகளை எடுத்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்.

முதல் பத்தி, முடிந்தவை. இரண்டாவது, தொங்கிக்கொண்டிருப்பவை: கொடுத்த வாக்கு, தீராத கடன், தப்பி ஓடிய எதிரி, திறக்காத கதவு. மூன்றாவது, நீங்கள் சாதாரணமாகச் சொன்னதை ஆட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டவை. மூன்றாம் பத்திதான் விலைமதிப்பற்றது. நீங்கள் பெயர்கூட வைக்காமல் ஓரமாக நிறுத்திய ஓடக்காரரைப் பற்றி அவர்கள் மூன்று அமர்வாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், கதை அந்த ஓடக்காரர் பக்கம் போக விரும்புகிறது.

மாதிரிக் குழுவில் தொங்குபவை இரண்டு. எட்டயபுரத்திலிருந்து கொண்டுவந்த வரிக் கணக்கு ஓலைகளைக் கணக்குப்பிள்ளை இன்னும் யாரிடமும் காட்டவில்லை. காவல்காரனின் அண்ணன் பாளையங்கோட்டைச் சிறையில் இருக்கிறார். ஆட்டக்காரர்கள் தாங்களாகப் பிடித்துக்கொண்டது ஒன்று: மேட்டில் கிடைத்த ஒரு சுடுமண் ஆட்டக்காய். அதைத் தொட்டவருக்கு இரவில் வேறு காலத்துக் குரல்கள் கேட்கின்றன என்று நடத்துநர் ஒரு முறை சொன்னார், அவ்வளவுதான். வில்லுப்பாட்டுக்காரி அதை இன்றுவரை மடியில் முடிந்து வைத்திருக்கிறாள்.

தொங்குபவை ஏழுக்கு மேல் இருந்தால் சிலவற்றை முடித்து வையுங்கள். ஒரு ஊர்ச் செய்தியாகவோ கடிதமாகவோ வந்து அவை தீர்ந்துபோகலாம். மனிதர்களின் நினைவில் நிற்பது நான்கைந்து முடிச்சுகள்தான்.

இரண்டாம் படி: ஆட்டக்காரர்களிடம் கேளுங்கள்

நடத்துநர் எல்லாவற்றையும் ரகசியமாகத் திட்டமிட வேண்டும் என்பது பழைய எண்ணம். கதை எல்லோருடையது. ஒரு அமர்வின் கடைசி அரை மணி நேரத்தை ஒதுக்கி, ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. இதுவரை நடந்ததில் எது இன்னும் மனதில் நிற்கிறது?
2. உங்கள் பாத்திரம் இனி எதை அடைய ஆசைப்படுகிறது? எதை இழக்கப் பயப்படுகிறது?
3. இனி வரும் கதையில் எது வேண்டாம்?

மூன்றாவது கேள்வியை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். சிவகாசி, சாத்தூர், ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் உட்கார்ந்து ஆடும் குழுவுக்கு இது இரட்டிப்பு அவசியம். கற்பனைக் கதையாட்டங்களில் தீயுருண்டை வீசும் மந்திரமும் வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்தும் சாகசமும் சர்வ சாதாரணம். 2012-ல் முதலிப்பட்டியிலும் 2021-ல் அச்சங்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை வெடி விபத்துகளை நேரில் அறிந்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. உங்கள் மேசையைச் சுற்றி இருப்பவரின் வீட்டிலும் அந்தத் துக்கம் இருக்கலாம். “வெடிப்பு, தீக்காயம் கதையில் வரலாமா?” என்று முன்கூட்டியே கேளுங்கள். பொதுவில் சொல்லத் தயங்குபவர்களுக்காகத் தனியாகவும் கேளுங்கள்.

ரான் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளர் இதற்கு எளிய ஏற்பாடு ஒன்றைச் சொன்னார். சில விஷயங்கள் கதையில் வரவே கூடாது. அதற்கு ஒரு கோடு போடுங்கள். சில விஷயங்கள் நடக்கலாம், ஆனால் விவரிக்கக் கூடாது. அதற்கு ஒரு திரை போடுங்கள். கோடு எது, திரை எது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். மாதிரிக் குழுவில் வெடிமருந்துக் கிடங்கு கோட்டுக்கு அப்பால் போய்விட்டது. கம்பெனியின் பலம் இனி குதிரைப்படையாகவும் கணக்கேடாகவும் வரும். கதைக்கு இதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

மூன்றாம் படி: சக்திகளை எழுதுங்கள்

இதுதான் அத்தியாயத்தின் மையம். கதையுலகில் இயங்கும் சக்திகள் நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி போதும்: என்ன வேண்டும், கையில் என்ன இருக்கிறது, எதற்குப் பயம், யாரும் தடுக்காவிட்டால் அடுத்து என்ன செய்யும்.

*கம்பெனி.* வேண்டியது, தவறாமல் வரும் வரிப்பணம். கையில் இருப்பது படை, சிறை, உத்தரவு. பயம், பாளையங்கள் மறுபடி ஒன்று சேர்வது. தடுக்காவிட்டால் ஊர் ஊராக ஆயுதச் சோதனை நடத்தும்.

*எட்டயபுரம்.* வேண்டியது, புதிதாகக் கைக்கு வரக்கூடிய நிலம். கையில் இருப்பது கம்பெனியின் நட்பு. பயம், அந்த நட்பு விலகினால் அக்கம்பக்கத்தாரின் கோபத்துக்குத் தனியாக முகம் கொடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் ஓடிப்போன கணக்குப்பிள்ளையைத் தேடி ஆள் அனுப்பும்.

*சிறைப்பட்டவர்கள்.* கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். வேண்டியது விடுதலை. கையில் இருப்பது வெளியே இன்னும் அவிந்துபோகாத விசுவாசம். பயம், அந்த விசுவாசம் பசியில் கரைந்துவிடுவது. தடுக்காவிட்டால் வெளியே இருப்பவர்களோடு ரகசியமாகத் தொடர்பு ஏற்படுத்திக்கொள்வார்கள்.

*மேட்டின் காவல் தெய்வம்.* வேண்டியது, தன் நகரத்திலிருந்து போன பொருள்கள் திரும்புவது. கையில் இருப்பது கனவு, காய்ச்சல், வற்றிய கிணறு. பயம், மறக்கப்படுவது. தடுக்காவிட்டால் ஆட்டக்காய் இருக்கும் ஊரில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றும்.

*ஊர்ச் சனங்கள்.* வேண்டியது, விளைச்சல் வீடு வந்து சேர்வது. இவர்களை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். கதையின் மிகப் பெரிய திருப்பம் இவர்களிடமிருந்து வரும் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தபோது சிறையிலிருந்து தப்பி வந்திருந்த ஊமைத்துரை காயம்பட்டுக் கிடந்தார். கம்பெனிப் படையில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட நினைவுகளில் அடுத்து நடந்ததைச் சொல்கிறார். மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவனைச் சாகும் நிலையில் கண்டாள். தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி அவன் கேட்டுக்கொண்டான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிப் போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மையில் இறந்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடினார்கள்.

எந்தத் தளபதியின் திட்டத்திலும் அந்தப் பெண்கள் இல்லை. ஆனால் போர் இன்னும் பல மாதம் தொடர்ந்தது அவர்களால்தான். உங்கள் கதையிலும் இப்படிப் பெயரில்லாத ஒருவர் எழுந்து வர இடம் விட்டு வையுங்கள்.

நான்காம் படி: கடிகாரம் வரையுங்கள்

சக்திகள் உட்கார்ந்திருக்கக் கூடாது, நகர வேண்டும். அதைக் கணக்கில் வைக்கச் சிறந்த கருவி கடிகாரம். வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010-ல் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்தில் இது வந்தது. ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ இதை இன்னும் பரவலாக்கியது. ஒரு வட்டம் வரைந்து நான்கு, ஆறு அல்லது எட்டுத் துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒரு மாற்றம். வட்டம் நிறைந்தால் அந்தச் சக்தி நினைத்ததைச் சாதித்துவிடும்.

மாதிரிக்கு, பாளையங்கோட்டைச் சிறைக்கு ஆறு துண்டுக் கடிகாரம். படிகள் நம் கற்பனை:

1. வெளியிலிருந்து சிறைக்குள் செய்தி போகிறது.
2. காவலர்களில் ஒருவர் மனம் மாறுகிறார்.
3. காட்டில் ஆள் திரள்கிறது.
4. மறைத்து வைத்த ஆயுதங்கள் ஊர் நோக்கி நகர்கின்றன.
5. நாள் குறிக்கப்படுகிறது.
6. சிறை உடைகிறது.

உண்மையில் கயத்தாற்றுக்கும் சிறை உடைப்புக்கும் இடையே ஏறத்தாழ பதினாறு மாதம். 1801 பிப்ரவரியில், வெளியாட்களின் உதவியோடு ஊமைத்துரையும் மற்றவர்களும் தப்பினார்கள். இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களில் மறுபடி எழுந்தது. எல்லாம் முடிந்தது என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கதையாட்டத்துக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை: தோல்விக்குப் பின் வரும் அமைதியில்தான் கடிகாரங்கள் ஓடுகின்றன.

ஓட்டும் விதி எளிது. ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் குழு தொடாத கடிகாரங்களில் ஒரு துண்டை நிரப்புங்கள். குழு உதவினால் கூடுதலாக ஒன்று நிரப்புங்கள். தடுத்தால் ஒன்றை அழியுங்கள். ஒரு துண்டு நிறைந்தால் அதன் அடையாளம் அடுத்த அமர்வில் கண்ணில் பட வேண்டும். இரண்டாம் துண்டு நிறைந்தால் சந்தையில் ஒரு சிறைக்காவலர் குடிபோதையில் அழுகிறார். காரணத்தை ஆட்டக்காரர்கள் தேடிக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் மூன்று கடிகாரங்களுக்கு மேல் வேண்டாம்.

ஐந்தாம் படி: அடுத்த ஓர் அமர்வை மட்டும் தயாரியுங்கள்

ஒவ்வொரு அமர்வும் முடியும்போது ஒரு கேள்வி கேட்டே கலையுங்கள்: “அடுத்த முறை எங்கே போகப்போகிறீர்கள்?” நால்வரும் பேசி முடிவு சொல்லட்டும். மேட்டுக்கு என்றால் மேட்டின் வரைபடமும் அங்கே எதிர்ப்படும் மூவரும் போதும். பாளையங்கோட்டைக்கு என்றால் வழியில் கயத்தாற்றில் ஓர் இரவு, கோட்டை வாசல், காவலரின் வீடு. போகாத இடத்துக்கு வரைபடம் வேண்டாம்.

முக்கியமான செய்தி எதையும் ஒரே வழியில் மட்டும் வைக்காதீர்கள். சிறைக்குள் செய்தி அனுப்ப ஆள் தேவை என்பது சிறைக்காவலர் வாயாலும் வரலாம், கணக்கு ஓலையிலும் இருக்கலாம், வில்லுப்பாட்டுக்காரியின் கனவிலும் கேட்கலாம். மூன்றில் ஒன்றை எப்படியும் பிடித்துவிடுவார்கள்.

வரலாறு எதுவரை, கற்பனை எதுவரை?

உண்மையான காலத்தில் கதை நடத்தும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும். 1801 மே மாதம் கோட்டை விழுந்தது, அக்டோபர் 24 அன்று ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்த மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள், நவம்பரில் ஊமைத்துரையும். இது மேசையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த முடிவை நோக்கி ஏன் ஆட வேண்டும்?

நான் பரிந்துரைக்கும் விதி இது: குழு தொடாதவரை வரலாறு நடந்தபடி நடக்கும், குழு தொட்ட இடத்தில் மாறும். சிறை உடைப்பு ஒரு மாதம் முந்தினால் கோட்டை வலுவாக எழ ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். மேட்டின் தெய்வம் யார் பக்கம் சாய்கிறது என்பதும் கணக்கில் வரும். இந்த விதியை ஆட்டக்காரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தங்கள் செயலுக்குப் பலன் உண்டு என்று தெரிந்தால்தான் அவர்கள் துணிவார்கள்.

இன்னொரு கவனம். பாளையக்காரர்களைத் தம் முன்னோராகப் போற்றும் குடும்பங்கள் தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு. எந்தச் சாதியையும் வில்லனாக்காதீர்கள். கொடுமை செய்யும் பாத்திரம் தேவைப்பட்டால் கற்பனைப் பெயரும் கற்பனை ஊரும் கொடுங்கள். எட்டயபுரத்துக்கும் தன் மக்களைக் காக்கும் நியாயம் ஒன்று இருந்திருக்கும் என்று எழுதுங்கள். நியாயம் உள்ள எதிரிதான் மேசையில் வாதத்தைக் கிளப்புவார்.

ஊர் நாட்காட்டியும் கதை நாட்காட்டியும்

கதைகள் சாவதற்கு டிராகனைவிடப் பெரிய காரணம், ஆள் சேராமை. ஆகவே கதையை மூன்று அல்லது நான்கு அமர்வுகளில் ஒரு பகுதி முடியும்படி பிரித்து, அதை ஊரின் வேலைக் காலத்தோடு பொருத்துங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு ஆலைகளில் வேலை மும்முரம். அப்போது இரண்டு மணி நேரச் சிறு அமர்வுகள் போதும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் ஓய்ந்திருக்கும். பெரிய சண்டையையும் பெரிய முடிவையும் அங்கே வையுங்கள். கூலி வராத வாரங்களும் அவைதான் என்பதால், காசு பிரித்துச் செய்யும் ஏற்பாடுகளைத் தவிருங்கள். காலண்டர் அச்சகத்தில் வேலை செய்பவர் குழுவில் இருந்தால் அவருக்கு ஆண்டு முடியும்வரை ஓய்வில்லை. அவர் பாத்திரத்தை ஒரு பகுதிக்குத் தூதனுப்பி வையுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்கள் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு. ஆடி கடைசி வெள்ளியில் இருக்கன்குடிக்குப் போகிறவர்கள் போகட்டும். இவற்றையெல்லாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துவிட்டால், ஒரு வாரம் தள்ளிப்போனதும் கதை நின்றதாக யாரும் நினைக்கமாட்டார்கள்.

முடிவுக்கு ஒரு கேள்வி

கதை எப்படி முடியும் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் முடியும் என்பதை மட்டும் தீர்மானியுங்கள். மாதிரிக் குழுவின் கேள்வி: “இழந்த மண்ணை மீட்க, மண்ணுக்கடியில் உறங்குவதை எழுப்பலாமா?” எழுப்பலாம் என்றாலும் கூடாது என்றாலும், அதற்கு விலை கொடுத்த நாளில் கதை நிறைவடைகிறது. கேள்வியைக் குழுவிடம் சொல்லி, “இதுதானே?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வேறு கேள்வி சொன்னால் அவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அமர்வுக்கு முன் செய்ய வேண்டியவை

- முடிந்தவை, தொங்குபவை, ஆட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டவை: மூன்று பத்தி, ஒரே தாள்.
- மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொருவரின் பதில். கோடு, திரை பட்டியல்.
- நான்கு அல்லது ஐந்து சக்திகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி.
- அதிகபட்சம் மூன்று கடிகாரங்கள். ஒவ்வொன்றிலும் முதல் துண்டு நிறைந்தால் தெரியும் அடையாளம்.
- குழு போகப்போவதாகச் சொன்ன ஒரே இடத்துக்கான தயாரிப்பு.
- அடுத்த நான்கு அமர்வுகளுக்கான தேதி.
- கதையின் கடைசிக் கேள்வி, ஒரே வாக்கியத்தில்.

இவ்வளவும் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். மூன்றாம் பக்கம் போனால், ஆட்டக்காரர்கள் செய்ய வேண்டியதை நீங்கள் எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.